டாலி பார்ட்டனா, லொரெட்டா லின்னா: யாரை முதலில் கேட்பது?

கன்ட்ரி என்னும் அமெரிக்கக் கிராமிய இசையின் பக்கமே போகாதவர்கள் எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டால் நான் இரண்டு பேரைச் சொல்வேன்: டாலி பார்ட்டன், லொரெட்டா லின். இருவரும் அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியில் வறுமையில் பிறந்தவர்கள். தாங்களே எழுதிய பாட்டுகளால், அந்த இசையின் தலைநகரான நாஷ்வில்லில் கொடிகட்டிப் பறந்தவர்கள். "ஏழை வீட்டுப் பெண், சொந்தக் கதையைப் பாடி ஜெயித்தாள்" என்று இருவரையும் ஒரே வரியில் அடக்கிவிடுகிறார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. பாட்டு அவர்களிடம் வந்து சேர்ந்த வயசே வேறு. அந்த வித்தியாசம் வரிக்கு வரி தெரிகிறது.

லொரெட்டா 1932-இல் கென்டக்கி மாநிலத்தில், பட்சர் ஹாலர் என்ற மலை இடுக்கில் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் இரண்டாவது. அப்பாவுக்கு நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை. 15 வயசில் கல்யாணம் முடிந்து, கணவரோடு நாட்டின் மறுகோடியில் இருக்கும் வாஷிங்டன் மாநிலத்துக்குப் போனார். அடுத்தடுத்து நாலு பிள்ளைகள். 1953-இல் கணவர் சியர்ஸ் கடையில் 17 டாலருக்கு ஒரு கிட்டார் வாங்கிக் கொடுத்தார். வீட்டு வேலைக்கு நடுவே தானே தட்டித் தடவிப் பழகினார். 1960-இல் முதல் இசைத்தட்டு வந்ததும் இருவரும் காரை எடுத்துக்கொண்டு வானொலி நிலையம் நிலையமாக ஏறி இறங்கினார்கள். அந்தப் பாட்டு கன்ட்ரி பாட்டுகளின் தரவரிசைப் பட்டியலில் 14-ஆம் இடம்வரை போனது.

டாலி 1946-இல் டென்னசியில் பிறந்தார். பன்னிரண்டு பிள்ளைகளில் நாலாவது. பிரசவம் பார்த்த டாக்டருக்குக் கொடுக்கப் பணமில்லை. அப்பா ஒரு மூட்டை சோளமாவைக் கொடுத்தார். அஞ்சாறு வயசில், சோளத்தட்டையில் செய்த தன் பொம்மையைப் பற்றி டாலி ஒரு பாட்டுக் கட்ட, அம்மா அதை எழுதிவைத்தார். 13 வயசில் கிராண்ட் ஓல் ஓப்ரி என்ற புகழ்பெற்ற கன்ட்ரி இசை வானொலி நிகழ்ச்சியின் மேடை. 1964-இல் பள்ளிப் படிப்பு முடிந்த மறுநாளே நாஷ்வில்லுக்குக் கிளம்பிவிட்டார். அவருக்குப் பாட்டுதான் முதல், மற்றதெல்லாம் அப்புறம்.

இருவரும் தங்கள் பிள்ளைப் பருவத்தைப் பாடிய பாட்டுகள் ஒரு வருஷ இடைவெளியில் வந்தன. லொரெட்டாவின் "கோல் மைனர்ஸ் டாட்டர்" 1970-இல். டாலியின் "கோட் ஆஃப் மெனி கலர்ஸ்" 1971-இல். லொரெட்டா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகிறார்: அப்பாவின் இரவு வேலை, துணி துவைக்கும் பலகையில் ரத்தம் கசியும் அம்மாவின் விரல்கள், பன்றி விற்ற காசில் குளிர்காலத்துக்கு வாங்கிய ஷூ. பரிதாபம் கேட்கிற தொனியே இல்லை. முதலில் பாட்டு இன்னும் நீளமாக இருந்ததாம். தயாரிப்பாளர் ஓவன் பிராட்லி சொல்லித்தான் சில சரணங்களை வெட்டினார். எனக்கு அந்த வெட்டுப்பட்ட சரணங்கள் மேல் இன்றைக்கும் ஆசை.

டாலி எடுத்துக்கொண்டது ஒரே ஒரு பொருள். ஒட்டுத்துணிகளை இணைத்து அம்மா தைத்த கோட்டு. அதைப் போட்டுக்கொண்டு பெருமையாகப் போன பிள்ளையைப் பார்த்துச் சிரித்த பள்ளிக்கூடம். பஸ்ஸில் போகும்போது தோன்றியது, காகிதம் கிடைக்காமல் சலவைக்கடை ரசீதின் பின்னால் எழுதினார். பாட்டின் கட்டுமானம் என்று பார்த்தால் டாலிதான் மேல். ஒரு கோட்டுக்குள் குடும்பத்தையே வைத்துத் தைத்துவிடுகிறார்.

சரி, சக்களத்திப் பாட்டுக்கு வருவோம். இதில் இருவரும் நேருக்கு நேர் நிற்கிறார்கள். டாலியின் "ஜோலீன்" 1973-இல் வெளியானது. அவர் கணவரிடம் குழைந்து பேசிய வங்கி ஊழியப் பெண்தான் கரு. பெயர் மட்டும் கையெழுத்து வாங்க வந்த ஒரு சிறுமியுடையது. பாட்டில் மனைவி கெஞ்சுகிறாள். போட்டிக்காரியின் அழகை அவளிடமே புகழ்ந்துவிட்டு, என் புருஷனை எடுத்துக்கொள்ளாதே என்று மன்றாடுகிறாள். டாலி அந்தப் பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிடும்போது வயிற்றைப் பிசைகிறது.

லொரெட்டாவிடம் ஒரு ரசிகை மேடைக்குப் பின்னால் வந்து அழுதாள்: கணவன் இன்னொருத்தியை அழைத்துவந்து அரங்கில் உட்காரவைத்திருக்கிறான். லொரெட்டா திரையை விலக்கி எட்டிப்பார்த்தார். உன் புருஷனைப் பறிக்கிற அளவுக்கு அவள் பெண்ணில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டு, ஒப்பனை அறையிலேயே பாட்டை எழுதிவிட்டார். "யூ எய்ன்ட் வுமன் இனஃப்" 1966-இல் பட்டியலில் 2-ஆம் இடம். இங்கே கெஞ்சல் கிடையாது. பிள்ளை பெற்று, அடுப்படியில் நின்று, புருஷனோடு மல்லுக்கட்டியவளின் குரல் இது. பள்ளிக்கூடம் விட்டதும் நாஷ்வில்லுக்குப் போன பெண்ணால் இந்தக் குரலில் எழுதியிருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

உரிமை விஷயத்தில் மட்டும் லொரெட்டாவை நினைத்தால் மனசு கனக்கிறது. ஆரம்பத்தில், பாட்டுப் பதிப்பு நிறுவனம் வைத்திருந்த வில்பர்ன் சகோதரர்களோடு போட்ட ஒப்பந்தத்தில் பாட்டுகளின் பதிப்புரிமை அவர்களிடம் போனது. பல வருஷம் போராடியும் திரும்பக் கிடைக்கவில்லை. டாலி அதில் உஷார். அவர் எழுதிய "ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ" பாட்டைப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி பாட விரும்பியபோது, பதிப்புரிமையில் பாதி வேண்டும் என்றார் அவருடைய மேலாளர். டாலி மறுத்துவிட்டு ராத்திரி முழுக்க அழுதார். 1992-இல் விட்னி ஹூஸ்டன் அதைப் பாடினார்; 14 வாரம் முதலிடம். வருமானம் டாலிக்கு.

அந்தப் பாட்டை விட்னியின் குரலில் நீங்கள் கட்டாயம் கேட்டிருப்பீர்கள். டாலி ஏதாவது ஒரு வழியில் உங்களை வந்து அடைந்துவிடுவார். 2022-இல் 90 வயசில் மறைந்த லொரெட்டாவை நாம்தான் தேடிப் போக வேண்டும். அதனால் முதலில் அவர்தான். "யூ எய்ன்ட் வுமன் இனஃப்" மூணு நிமிஷம்கூட வராது. அது முடிந்த கையோடு "ஜோலீன்" போடுங்கள்.