கிளிக் தொலைந்த இடத்தைக் காட்டும் ஸ்பை பிளஸ் பிளஸ்: ஒரு மதிப்பீடு

"பட்டனை அமுக்கினால் ஒன்றும் நடக்கவில்லை" என்று புகார் வந்ததும் கை தானாகவே கிளிக் ஹேண்ட்லரில் (கிளிக் வந்ததும் ஓடும் கோடில்) பிரேக்பாயின்ட் (புரோகிராமை நிறுத்தும் புள்ளி) வைக்கப் போகும். மவுஸ் விஷயத்தில் அது பாதி நேரம் வழியைக் கெடுக்கும். பட்டன் டவுனில் புரோகிராம் நின்றதும் டீபக்கர் (பிழை தேடும் கருவி) முன்னால் வந்து நிற்கும். விரலை எடுக்கும்போது பிறக்கும் பட்டன் அப் அதன்மேல் போய் விழும். தேடிய பிழையோடு நாமே உண்டாக்கிய பிழையும் சேர்ந்துகொள்ளும். ஸ்பை பிளஸ் பிளஸ் புரோகிராமை நிறுத்துவதில்லை. எந்த விண்டோவுக்கு (பட்டனும் ஒரு விண்டோதான்) எந்த மெசேஜ், அதாவது நடந்ததைச் சொல்லும் அறிவிப்பு, போனது, அது என்ன பதில் தந்தது என்று வரிசையாக எழுதிக் காட்டும். இவ்வளவு பழைய கருவி இன்னும் தேவைப்படுவது இதற்காகத்தான்.

மைக்ரோசாஃப்ட்டின் விஷுவல் ஸ்டூடியோ மென்பொருளோடு வருவது இது. இலவச கம்யூனிட்டி பதிப்பிலும் கிடைக்கும். இன்ஸ்டாலரில் சி பிளஸ் பிளஸ் டெஸ்க்டாப் பகுதியைத் தேர்ந்தெடுத்திருந்தால் போதும். 32 பிட் புரோகிராமுக்கு ஒன்று, 64 பிட்டுக்கு ஒன்று என இரண்டு எக்ஸிகியூட்டபிள்கள் உண்டு. மாற்றித் திறந்தால் விண்டோ பட்டியலில் தெரியும், மெசேஜ்கள் மட்டும் வராது. கருவியே சரியில்லை என்று மூடிவிடுகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையில் ஓடும் புரோகிராமைப் பார்க்க வேண்டுமானால் ஸ்பையையும் அதே உரிமையில் திறக்க வேண்டும்.

கன்ட்ரோல், எம் இரண்டையும் சேர்த்து அமுக்கினால் மெசேஜ் லாக் அமைப்பு திறக்கும். குறிவட்டத்தை இழுத்துச் சம்பந்தப்பட்ட பட்டன்மேல் விடுங்கள். 'பேரன்ட்' (பட்டனைத் தாங்கும் விண்டோ) பெட்டியையும் டிக் செய்யுங்கள். அடுத்து மெசேஜ் பட்டியலை முழுதாகக் காலி செய்துவிட்டு ஆறு மட்டும் தேர்ந்தெடுங்கள்: இடது பட்டன் டவுன், அப், டபுள் கிளிக், மவுஸ் ஆக்டிவேட் (கிளிக்கால் விண்டோ ஆக்டிவ் ஆகலாமா என்ற கேள்வி), கேப்சர் சேஞ்சுடு (மவுஸின் பிடி கைமாறியது), கமாண்ட் (பட்டன் அமுக்கப்பட்டது என்ற செய்தி). மவுஸ் மூவ் வேண்டவே வேண்டாம். மவுஸ் எதன்மேல் இருக்கிறது என்று கேட்கும் ஹிட் டெஸ்ட் மெசேஜையும் முதல் சுற்றில் தொடாதீர்கள்; மவுஸ் அசையும்போதெல்லாம் வந்து திரையை நிரப்பிவிடும்.

லாக்கில் பி என்றால் போஸ்ட் செய்யப்பட்டது (வரிசையில் போடப்பட்டது), எஸ் என்றால் நேராக அனுப்பப்பட்டது, ஆர் என்றால் அதற்குத் திரும்பிய பதில். உண்மையான மவுஸிலிருந்து வரும் டவுனும் அப்பும் பி குறியோடுதான் வரும். டவுன் எஸ் குறியோடு வந்தால், மவுஸ் அல்ல, ஏதோ ஒரு புரோகிராமின் கோடு அதை அனுப்பியிருக்கிறது என்று பொருள்.

நல்ல கிளிக்கின் வரிசை எளிது. பட்டனுக்கு டவுன், பட்டனுக்கு அப், பிறகு பேரன்ட்டுக்கு கமாண்ட். கமாண்ட் போயும் வேலை நடக்கவில்லையா, மவுஸை விட்டுவிட்டுக் கன்ட்ரோல் ஐடியையும் (பட்டனின் அடையாள எண்) ஹேண்ட்லர் இணைப்பையும் பாருங்கள்.

டவுன் வந்து அப் வராமல் போவதுதான் அடிக்கடி மாட்டும் கேஸ். டவுன் ஹேண்ட்லருக்குள் மெசேஜ் பாக்ஸ் திறந்திருப்பார்கள். கேப்சர் (மவுஸ் மெசேஜ்களைத் தன்னிடமே வரவைக்கும் பிடி) பறிபோய்விடும், அப் வேறெங்கோ போகும், பட்டன் அமுங்கியபடியே நிற்கும். லாக்கில் டவுனுக்கு அடுத்த வரியே கேப்சர் சேஞ்சுடு என்றிருந்தால் இதுதான். வேலையை அப்புக்கு மாற்றுங்கள். கேப்சர் சேஞ்சுடு வரும்போது அமுங்கிய நிலையைக் கலைத்துவிடுங்கள். இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது: நாமே கேப்சரை விடுவித்தாலும் அந்த மெசேஜ் வரும், அதுவும் ரிலீஸ் கேப்சர் அழைப்பு முடிவதற்கு முன்பே. ஆகவே "இது நான் விட்டது" என்ற ஃபிளாகை (அடையாளக் குறியை) அழைப்புக்கு முன்னால் வைக்க வேண்டும். பின்னால் வைத்தால் ஒவ்வொரு நல்ல கிளிக்கும் ரத்தாகும்.

வேகமாக அமுக்கினால் ஒன்றுவிட்டு ஒன்றுதான் எண்ணப்படுகிறது என்ற புகாருக்கு லாக்கே விடை சொல்லும்: டவுன், அப், டபுள் கிளிக், அப். விண்டோ கிளாஸில் (விண்டோ வகையின் வரையறையில்) டபுள் கிளிக் ஸ்டைல் இருந்தால், குறித்த நேரத்துக்குள் வரும் இரண்டாவது டவுன் பெயர் மாறி வரும். அந்த நேரம் வழக்கமாக 500 மில்லிசெகண்ட். டவுனை மட்டும் கவனிக்கும் கோடு அதைத் தவறவிடுகிறது. ஸ்டைலை எடுத்துவிடலாம், அல்லது இரண்டையும் ஒரே ஃபங்ஷனுக்கு அனுப்பலாம். மாறாக, ஒரே அமுக்கலுக்கே டபுள் கிளிக் பதிவானால் குற்றம் கோடில் இருக்காது. அவுட்புட் அமைப்பில் போஸ்ட் ஆன நேரத்தைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். இரண்டு அமுக்கலுக்கும் இடையே 20, 30 மில்லிசெகண்ட்தான் என்றால் அது விரல் வேலை அல்ல, மவுஸின் ஸ்விட்ச் தேய்ந்திருக்கிறது.

டவுனே வராதபோதுதான் ஹிட் டெஸ்ட்டைச் சேர்க்க வேண்டும். பதில் டிரான்ஸ்பரன்ட் என்றிருந்தால் கிளிக் அதே த்ரெட்டில் அடியிலுள்ள விண்டோவுக்குப் போகிறது. நோட்டிஃபை ஸ்டைல் இல்லாத ஸ்டாட்டிக் லேபிள் இப்படித்தான் நடந்துகொள்ளும். லேபிளில் கிளிக் வேலை செய்யவில்லை என்ற புகாரின் வேர் அது. கன்ட்ரோல் டிசேபிள் ஆகியிருந்தாலும் கிளிக் பேரன்ட்டுக்குப் போய்விடும். பேரன்ட்டையும் டிக் செய்யச் சொன்னதற்கு இதுவும் காரணம். முதல் கிளிக் மட்டும் வீணாகிறதென்றால் மவுஸ் ஆக்டிவேட்டின் பதிலைப் பாருங்கள். 2 அல்லது 4 வந்தால் அந்தக் கிளிக்கை விண்டோவே விழுங்குகிறது. வின்ஃபார்ம்ஸின் கருவிப்பட்டையான டூல்ஸ்டிரிப் இதற்குப் பேர்போனது. சோதிக்கும்போது ஸ்பை விண்டோ ஆக்டிவாக இருப்பதால் முதல் கிளிக் எப்போதும் இந்த வழியாகத்தான் வரும். வேறு புகாரைத் துரத்துகிறீர்களானால் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இடம் தவறிப் பதிவாகும் கிளிக்குக்கு எக்ஸ், ஒய் மதிப்புகளை ஒப்பிட்டாலே போதும். லாக்கில் -5, உங்கள் வேரியபிளில் 65531 என்றால், குறியில்லாத 16 பிட் எண்ணாகப் பிரித்திருக்கிறீர்கள். இழுத்துக்கொண்டே விண்டோவின் இடது விளிம்பைத் தாண்டும்போது இது வெளிப்படும். ஆயத்தொலைவுகளைக் குறியோடு பிரித்துத் தரும் மேக்ரோக்கள் ஹெடர் ஃபைலிலேயே இருக்கின்றன.

குறைகள் இல்லாமல் இல்லை. விண்டோ மரம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது, எஃப்5 அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். தோற்றம் தொண்ணூறுகளிலேயே நின்றுவிட்டது, அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பெரிய குறை வேறு: தனித்தனி ஹேண்டில் (விண்டோஸ் தரும் அடையாள எண்) உள்ள விண்டோக்கள் மட்டுமே இதன் கண்ணுக்குப் படும். டபிள்யூபிஎஃப், கியூட்டி ஆகிய இடைமுகக் கட்டமைப்புகளில் பொதுவாக முழு ஜன்னலுக்கும் ஒரே ஹேண்டில்தான். உள்ளே இருக்கும் பட்டன்கள் ஸ்பைக்குத் தெரியாது. டபிள்யூபிஎஃப்புக்கு ஸ்னூப், கியூட்டிக்கு காமாரே என்று போய்விடுவது மேல். அதிலும் டபிள்யூபிஎஃப் பேனலின் வெற்றிடத்தில் மட்டும் கிளிக் விழவில்லையென்றால் எந்தக் கருவியும் திறக்குமுன் பேக்ரவுண்டைப் பாருங்கள். மதிப்பே வைக்காவிட்டால் ஹிட் டெஸ்ட்டில் அந்த இடம் இல்லாததுபோல. டிரான்ஸ்பரன்ட் என்று வைத்தால் கிளிக் விழும்.

வின்32, எம்எஃப்சி, வின்ஃபார்ம்ஸ் கோடைப் பராமரிப்பவர்கள் இதை டாஸ்க்பாரிலேயே பின் செய்து வைக்கலாம். எப்போதாவதுதான் தலைகாட்டும் பிழைக்கு, லாக்கை ஃபைலிலும் எழுதச் சொல்லும் வசதியை அவுட்புட் அமைப்பில் இயக்கிவிட்டு ஓட விடுங்கள். திரையில் வரிகளுக்கு உச்சவரம்பு உண்டு, பழையவை அழிந்துவிடும்.