மீன் தலைக் கறிக்கு லாகரா, கோதுமை பீரா?

சிங்கப்பூரில் நம்மவர்கள் நாலு பேர் சாப்பிட உட்கார்ந்தால், என்ன கறி சொல்வது என்று பேசவே கால்மணி நேரம் ஆகும். பீர் மட்டும் பேச்சே இல்லாமல் வந்துவிடும்: பெரிய பாட்டில் டைகர், ஒரு வாளி ஐஸ். 1932இல் இங்கேயே பிறந்த இந்த லாகர், அதாவது லேசான, தெளிந்த பீர், இந்த வெயிலுக்கு ஏற்றது. அதன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் எல்லாச் சாப்பாட்டுக்கும் அதுவே என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

போன மாதம் ரேஸ் கோர்ஸ் ரோட்டில் வாழை இலைச் சாப்பாடு. பெரியப்பா மகன் வழக்கம்போல டைகர் சொன்னார். நான் ஹூகார்டன் என்ற கோதுமை பீரும் ஒன்று சொல்லி, "அண்ணே, இன்னைக்கு ரெண்டையும் மாத்தி மாத்திக் குடிச்சுப் பாருங்க" என்றேன். நடுவில் மீன் தலைக் கறி, வெண்டைக்காயும் தக்காளியும் மிதக்க, ஆவி பறந்தது.

டைகர் முதல் மடக்கில் ஜில்லென்று இறங்கியது. எரிச்சல் அடங்கிய மாதிரி இருந்தது, அடுத்த கவளத்தில் திரும்பி வந்தது. குளிர்ச்சி நாக்கைக் கொஞ்ச நேரம் மரத்துப்போகச் செய்கிறது, அவ்வளவுதான். மிளகாயின் காரச்சத்து தண்ணீரில் கரையாது. லாகரில் இருக்கும் 5 சதவீத ஆல்கஹாலும் அதைக் கழுவிக்கொண்டு போகாது.

ஹூகார்டன் பெல்ஜியத்து வெள்ளை பீர். கோதுமையோடு கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் சேர்த்துக் காய்ச்சுவது. நம் குழம்புத் தூளில் பெரும்பங்கு மல்லிதானே! கறியின் மல்லியும் கிளாஸின் மல்லியும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்கின்றன. ஆரஞ்சுத் தோலின் மணம் புளியோடு ஒட்டிப் போகிறது. கசப்பு குறைவு, அதனால் காரமும் ஏறுவதில்லை. அண்ணன் மீன் கன்னத்துச் சதையைப் பிய்த்து வாயில் போட்டு, ஒரு மடக்கு குடித்தார். "டேய், இதுல மல்லி வாசம் வருதுடா" என்றார். மீன் தலைக் கறிக்குக் கோதுமை பீர்தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சம்பால் (மிளகாய் விழுது) தடவிய திருக்கை மீனுக்கும் எலுமிச்சை பிழிந்துவிட்டு இதையே சொல்வேன்.

பிரியாணி என்றால் எர்டிங்கர் மாதிரி ஜெர்மன் கோதுமை பீர் பக்கம் போகலாம். அதில் மசாலா எதுவும் போடுவதில்லை. ஈஸ்ட்டிலிருந்தே கிராம்பு மணமும் வாழைப்பழ மணமும் வருகின்றன. பிரியாணிக் கிராம்புக்கு அது நல்ல துணை.

மட்டன் வறுவல், சாத்தே (குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சி) இரண்டுக்கும் ஸ்டவுட் என்ற கறுப்பு பீர். கருகும் அளவுக்கு வறுத்த பார்லியிலிருந்து காப்பி வாசம் வரும். கரி அடுப்பில் ஓரம் கருகிய சாத்தேயும் இனிப்பான கச்சான் (வேர்க்கடலை) குழம்பும் அதோடு சேர்வதை லாவ் பா சாட் உணவு அங்காடிப் பக்கம் ஒரு மாலை உட்கார்ந்து பாருங்கள். வறுவலில் மிளகு தூக்கலாக இருந்தால் சரி, பச்சை மிளகாய் தூக்கலாக இருந்தால் வேண்டாம். ஏபிசி ஸ்டவுட்டில் 8 சதவீத ஆல்கஹால், அது எரிச்சலை ஏற்றிவிடும். ஒரு பாட்டிலை இரண்டு பேர் பகிர்ந்து குடிப்பது நல்லது.

விலையிலும் வித்தியாசம் உண்டு. இங்கே பீருக்குக் கலால் வரி, அதில் உள்ள சுத்த ஆல்கஹால் ஒரு லிட்டருக்கு 60 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). 330 மில்லி லாகருக்கு ஏறக்குறைய ஒரு வெள்ளி வரி என்றால், அதே அளவு ஸ்டவுட்டுக்கு ஒன்றரை வெள்ளிக்கு மேல்.

கசப்பு தூக்கலான ஐபிஏ பீர்? காரச் சாப்பாட்டோடு வேண்டவே வேண்டாம். அதில் போடும் ஹாப்ஸ் பூவின் கசப்பு மிளகாயோடு சேர்ந்தால் வாய் எரியும். முறுக்கு, பக்கோடாவோடு தனியாகக் குடித்தால் அருமை.

அப்போ லாகர் எப்போது? அடுக்குமாடி புளோக் கீழே காப்பிக்கடையில் நள்ளிரவு வரை கால்பந்து பார்க்கும்போது. தீபாவளி அன்று வீட்டில் பத்துப் பேர் வந்துபோகும்போது. கோழிச் சோறு மாதிரி காரம் குறைந்த சாப்பாட்டோடு. நீண்ட நேரம் உட்காரும் இடத்தில் லாகரை அடித்துக்கொள்ள வேறொன்றும் இல்லை. மற்ற பீர்கள் இரண்டாவது கிளாஸிலேயே வயிற்றை நிரப்பிவிடும்.

வீட்டுக்கு வாங்குவதானால் இரவு 10.30க்குள் கடைக்குப் போய்விடுங்கள், அதற்குமேல் விற்க மாட்டார்கள். கோதுமை பீரில் ஐஸ் போட வேண்டாம், மணம் போய்விடும். முக்கால் பாட்டிலை ஊற்றிய பிறகு மீதியை மெல்லச் சுழற்றி, அடியில் தங்கிய ஈஸ்ட்டையும் சேர்த்து ஊற்றுங்கள்.