மேடவாக்கமா, நங்கநல்லூரா? ஆபீஸ் போகிறவனின் கணக்கு

சென்னை மேடவாக்கத்தில் நான்கு வருஷம் இருந்துவிட்டு, போன வருஷம் ஆடி முடிந்த கையோடு நங்கநல்லூருக்கு வீடு மாறினோம். ஆபீஸ் அதே நுங்கம்பாக்கம்தான், ஸ்கூட்டரும் அதேதான். ஆனால் அங்கே தினமும் ஸ்கூட்டரில் போனவன், இங்கே வந்தபிறகு மின்சார ரயிலில் போகிறேன். இந்த இரண்டு ஏரியாவிலும் வீடு தேடுகிற நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன். நான் நங்கநல்லூர் கட்சி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வாடகையில் மேடவாக்கம்தான் ஜெயிக்கும், அதில் பேச்சே இல்லை. அங்கே லிஃப்ட், கார் நிறுத்த இடம் எல்லாம் சேர்த்து 18,000 கொடுத்தோம். இங்கே பழைய வீடு, முதல் மாடி, ஓர் அறை சிறிது, 23,000. மேடவாக்கத்தில் இருந்து ஆபீஸுக்கு ஸ்கூட்டரில் போக வர 40 கிலோமீட்டர், ஏறக்குறைய ஒரு லிட்டர் பெட்ரோல். இப்போது அதில் மாதம் 2,400 ரூபாய் மிச்சம் என்று வைத்துக்கொண்டாலும், வாடகை வித்தியாசத்தில் பாதியைத்தான் அது ஈடுகட்டும். சீசன் டிக்கெட் ஒரு பொருட்டே இல்லை.

சரி, பிறகு ஏன் மாறினோம்? வீட்டு வாசலில் இருந்து பஸ்ஸோ ரயிலோ ஏறும் இடம் வரை நடக்கிற அந்தப் பத்து நிமிஷத்துக்காக.

தூரத்தை மட்டும் பார்த்தால் மேடவாக்கம்தான் வசதி. அங்கே பஸ் ஸ்டாப் 600 மீட்டர். இங்கே பழவந்தாங்கல் ஸ்டேஷன் 900 மீட்டர் இருக்கும். ஆனால் அந்த 600 மீட்டரை நான்கு வருஷத்தில் இருபது தடவைகூட நடந்திருக்க மாட்டேன். நடைபாதை என்று தனியாக எதுவும் கிடையாது. கால்வாய் மூடியில் பாதி உடைந்திருக்கும். தண்ணீர் லாரி வந்தால் ஒதுங்க இடமில்லை. மாதவரம்–சோழிங்கநல்லூர் மெட்ரோ அந்த வழியாக வருவதால் தடுப்பு வைத்து சாலையையும் குறுக்கிவிட்டார்கள். அதையெல்லாம் தாண்டி பஸ் பிடித்தாலும் வேளச்சேரியிலோ கிண்டியிலோ இன்னொன்று மாற வேண்டும். செருப்பு மாட்டும்போதே கை ஸ்கூட்டர் சாவியைத் தேடும். அரை லிட்டர் பால் வாங்கக்கூட வண்டிதான். வீடு காட்டிய தரகர் “எல்லாமே பக்கம் சார்” என்றார். பொய்யில்லை, வண்டியில் போனால் பக்கம்தான்.

நங்கநல்லூரில் நடைபாதை பிரமாதம் என்று சொல்ல வரவில்லை. இங்கேயும் பாதி இடத்தில் பைக் நிற்கிறது. ஆனால் உள்தெருக்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவதால், பெரிய சாலையைத் தொடாமலே ஸ்டேஷன் பக்கம் போய்விடலாம். வேம்பும் புங்கையும் கொஞ்சம் நிழல் தருகின்றன. வழியெல்லாம் பூக்கடை, மெஸ், மாவு அரைக்கும் கடை. ராத்திரி ஒன்பதரைக்கும் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கும். கிண்டி வரை வேலைக்குப் போய் வரும் என் மனைவி இதைத்தான் முதல் காரணமாகச் சொல்வாள். மேடவாக்கத்தில் ஏழு மணிக்கு மேலானால் நான் போய் அழைத்து வர வேண்டும். இங்கே அவளே கொத்தமல்லிக் கட்டோடு நடந்து வந்துவிடுகிறாள். அப்புறம் ரயில். பழவந்தாங்கலில் ஏறினால் ஆறாவது நிறுத்தம் நுங்கம்பாக்கம். காலையில் உட்கார இடம் கிடைக்காது, மாம்பலத்தில் இறங்குகிற கூட்டம் நம்மையும் தள்ளிக்கொண்டு போகும். இருந்தாலும் சர்தார் படேல் சாலை சிக்னல் புகைக்கு இது எவ்வளவோ மேல்.

மழை பற்றி உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரே ஒரு ஐப்பசி–கார்த்திகையைத்தான் இங்கே பார்த்திருக்கிறேன். பழவந்தாங்கல் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும் கதை ஊருக்கே தெரியும். ஸ்டேஷனுக்கு இந்தப் பக்கம் இருப்பதால் அதில் இறங்காமல் தப்பித்தேன். ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம், ஜி.எஸ்.டி. சாலையில் வேலை இருக்கிறவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். மேடவாக்கத்திலும் மெட்ரோ ஓட ஆரம்பித்தால் என் கணக்கு கொஞ்சம் மாறலாம். ஆனால் மெட்ரோ ஸ்டேஷன் வரை போகிற அந்தத் தெருவையும் சேர்த்துச் சரிசெய்தால்தான்.

ஆபீஸ் சோழிங்கநல்லூரிலோ சிறுசேரியிலோ இருக்கிறவர்கள் இவ்வளவையும் படித்திருக்கவே வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு மேடவாக்கம். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் வீட்டில் இருந்தாலும் லிஃப்டை யோசிக்கத்தான் வேண்டும். என் அம்மா இந்த முதல் மாடிப் படியை இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் சாயங்காலமானால் ஆஞ்சநேயர் கோவிலுக்கு நடந்தே போய் வருகிறாள்.