இரட்டைத் திரையில் அகராதி புரட்டுவது: ஓராண்டுக்கு மேலான அனுபவம்

அகராதியையும் கல்வெட்டுத் தொகுதியையும் யாரும் முதல் பக்கத்தில் தொடங்கிக் கடைசிப் பக்கத்தில் முடிப்பதில்லை. ஒரு விரலைப் பொருளடைவில் செருகி, இன்னொரு விரலை அடிக்குறிப்பில் வைத்து, முன்னும் பின்னும் புரட்டுவதுதான் நோக்கு நூலைப் படிக்கும் முறை. ஒற்றைத் திரை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அந்த இரண்டாவது விரலுக்கு அதில் இடமில்லை. அதற்காகவே 14 அங்குலத் திரைகள் இரண்டு கீலால் இணைந்து புத்தகம்போல் விரியும் கருவி ஒன்றை வாங்கினேன். ஓராண்டுக்கு மேலாக அன்றாடம் பயன்படுத்திவிட்டு எழுதுகிறேன்.

முதலில் அளவு. நெட்டுவாக்கில் நிறுத்தினால் ஒவ்வொரு திரையும் சுமார் 7.4 அங்குல அகலம், 11.9 அங்குல உயரம். ஏ4 தாளின் அகலம் 8.3 அங்குலம் என்பதால் அந்த அளவுப் பக்கம் பத்தில் ஒன்பது பங்காகச் சுருங்கித் தெரியும். ஓர வெற்றிடத்தை வெட்டிவிட்டால் அச்சு நூலின் எழுத்தளவே கிடைத்துவிடும். 10 அங்குலப் பலகைக் கணினியில் (டேப்லெட்) இதே பக்கத்தைப் படிக்கும்போது பெரிதாக்குவதும் நகர்த்துவதுமாகவே நேரம் போய்விடும். இங்கே திரையின் நுணுக்கம் 2880 × 1800. ஓர் அங்குலத்தில் 240 புள்ளிகளுக்கு மேல். பழைய அச்சில் மங்கிப்போன மெய்யெழுத்துப் புள்ளியைக்கூடப் பெரிதாக்காமலே பார்த்துவிடலாம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய நூல்களில் ஐகாரத் தும்பிக்கை வளைந்த ‘லை’, ‘ணை’ ஆகியவையும் தெளிவாகத் தெரிகின்றன.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதியான தமிழ் லெக்சிகன் என் மேசையில் ஓயாமல் இருக்கும் நூல். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்து, 1939இல் அனுபந்தமும் சேர்ந்தது. ஒரு சொல்லைத் தேடிப் போனால், பொருளுக்குக் கீழே ‘பிங்.’, ‘திவா.’, ‘சூடா.’ என மேற்கோள் நூல்களின் சுருக்கக் குறிகள் வரிசையாக நிற்கும். பிங்கலம், திவாகரம், சூடாமணி என்ற நிகண்டுகள், அதாவது பழைய சொற்பொருள் நூல்கள், எல்லோருக்கும் தெரிந்தவை. அதிகம் புழங்காத குறி வந்தால் முதல் தொகுதியின் முன்பகுதியில் உள்ள பட்டியலுக்குத்தான் ஓட வேண்டும். இப்போது அந்தப் பட்டியல் வலத் திரையில் நிலையாக இருக்கிறது. இடத் திரையில் தேவையான தொகுதியைப் புரட்டுகிறேன். மேற்கோள்களைத் தாண்டிப் போகும் பழக்கமே என்னிடமிருந்து ஒழிந்துவிட்டது. ஒரு சொல் எந்த நூலில், எந்தப் பொருளில் ஆளப்பட்டது என்பது அகராதியின் உயிர்நாடி. அதை எட்டிப் பார்ப்பது எளிதானதே இந்தக் கருவி எனக்குத் தந்த பெரிய லாபம்.

கல்வெட்டு படிப்பவர்களுக்கு இன்னும் பொருந்தும். ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ என்ற நூல் வரிசையின் இரண்டாம் தொகுதியில் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைக் கல்வெட்டறிஞர் ஹூல்ஷ் பதிப்பித்திருக்கிறார். மூலம் ஓரிடத்தில், ஆங்கில மொழிபெயர்ப்பு சில பக்கங்கள் தள்ளி. ஒரே கோப்பை இரண்டு சாளரங்களில் திறந்து, மூலத்தை இடப்பக்கமும் மொழிபெயர்ப்பை வலப்பக்கமும் வைத்தால் வரிக்கு வரி ஒப்பிடலாம். நிலக் கணக்கு வரும் இடங்களில் மொழிபெயர்ப்பை எடுத்துவிட்டுப் பின்ன அட்டவணையை வைத்துக்கொள்வேன். மா என்றால் 1/20, காணி 1/80, முந்திரிகை 1/320. மாவும் காணியும் சேர்ந்த மாகாணி 1/16. அட்டவணை கண்ணெதிரே இருப்பதால், முன்பு மலைப்பூட்டிய நிலப் பட்டியல்களைக் கூட்டிப் பார்க்கும் துணிச்சல் வந்திருக்கிறது.

கோப்பைத் திறந்து படிக்கும் சில செயலிகள் ஒரே கோப்பை இருமுறை திறக்க மறுக்கும். வேறு பெயரில் ஒரு படி எடுத்துவைத்தால் போதும்.

விளம்பரங்களில் காட்டுவதுபோல் எதிரெதிர்ப் பக்கங்களை ஒரே நூலாக விரித்துப் படிப்பதை நான் அடியோடு விட்டுவிட்டேன். நடுவில் கீல் இடைவெளி இருக்கிறது. இரு பக்கமும் பரவிய வரைபடத்தில் ஊர்ப்பெயர் அந்த இடைவெளியில் பிளந்துவிடும். தொடர்ச்சியாகப் படிக்க ஒரு பக்கமே போதும்.

கருவியைவிடக் கோப்புகளே அதிகத் தொல்லை தருகின்றன. லெக்சிகனின் பக்க எண்கள் தொகுதி விட்டுத் தொகுதி தொடர்ந்து போகும். பிடிஎஃப் கோப்போ ஒவ்வொரு தொகுதியையும் ஒன்றிலிருந்து எண்ணும். அச்சிட்ட எண்ணைக் கோப்பில் பதிந்து, எழுத்து வரிசைப்படி அடையாளக்குறி போட்டுவிட்டால்தான் இரட்டைத் திரையின் வேகம் கிடைக்கும். அலுப்பான வேலைதான், ஆனாலும் ஒருமுறை செய்தால் என்றைக்கும் உதவும். ஸ்கேன் பக்கங்களில் தமிழ்ச் சொல்லைத் தேடுவதை நம்பாதீர்கள். பழைய எழுத்துருவை இயந்திரம் தாறுமாறாகப் படிக்கிறது.

குறைகள் இல்லாமல் இல்லை. விசைப்பலகையைக் கழற்றினாலும் எடை 1.35 கிலோ. கையில் ஏந்திப் படிக்க முடியாது. மேசையோ மடக்குப் பலகையோ வேண்டும். இரண்டு திரையும் வெள்ளைப் பக்கத்தோடு எரிந்தால் மின்கலம் ஐந்தாறு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். கண்ணாடிப் பரப்பில் குழல் விளக்கு அப்படியே பிரதிபலிக்கிறது. விளக்கைத் தலைக்குப் பின்னாலிருந்து பக்கவாட்டுக்கு மாற்றிய பிறகுதான் நிம்மதி. கணினிப் பாகங்கள் ஒரு பாதியில் அடங்கியிருப்பதால் வெயில் நாளில் அந்தப் பக்கம் சுடுகிறது. சில மாதங்களில் ஒரு திரை, உறக்க நிலையிலிருந்து எழும்போது தொடுகைக்கு அசையாமல் நின்றது. சேவை மையத்தில் சரியான விளக்கம் கிடைக்கவில்லை; பின்னர் வந்த மென்பொருள் புதுப்பிப்பு அதைத் தீர்த்தது. ஓஎல்இடி திரையில் ஒரே பட்டியலை நாள் முழுக்க நிறுத்தினால் தடம் பதியுமோ என்ற கவலையால், எழுந்து போகும்போதெல்லாம் திரையை அணைக்கிறேன். இதுவரை தடம் விழவில்லை.

இந்த எண்ணம் புதிதன்று. 2010இல் அமெரிக்காவில் நோ என்ற நிறுவனம் கல்லூரிப் பாடநூல்களுக்காக 14 அங்குல இரட்டைத் திரைக் கருவியை அறிவித்து, மறு ஆண்டே வன்பொருளைக் கைவிட்டது. ஜப்பானில் 13.3 அங்குல மின்தாள் (இ-இங்க்) திரைகள் இரண்டைச் சேர்த்து இசைக் குறிப்புகளுக்காக குவிடோ என்ற கருவி வந்தது. மின்தாள் கண்ணுக்கு இதம், ஆனால் பக்கம் மாறும் வேகம் குறைவு. ஒரு சொல்லுக்காக இருபது பக்கம் தாவும் வேலைக்கு அது ஈடுகொடுக்காது என்பதால் நான் அதன் பக்கம் போகவில்லை.

நான் வாங்கியபோது இந்த வகைக் கருவிகள் ஒன்றரை லட்சம் ரூபாய் அளவில்தான் தொடங்கின. எப்போதும் ஒரே மேசையில் உட்கார்ந்து படிப்பவருக்கு, செங்குத்தாகத் திருப்பக்கூடிய 24 அங்குலத் திரைகள் இரண்டு அதில் சிறு பங்கு விலையில் இதே வேலையைச் செய்யும். அவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். நூலகத்துக்கும் கோயிலுக்கும் கள ஆய்வுக்கும் அகராதியைச் சுமந்து போகிறவர் என்றால், கடையில் கொடுத்துவைத்திருக்கும் மாதிரிப் படங்களைப் பார்த்து முடிவெடுக்காமல், நீங்கள் படிக்கும் நூலின் கோப்பையே கொண்டுபோய் இரண்டு திரையிலும் திறந்து, அரைமணி நேரம் புரட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.