‘மறக்கப்பட்ட படங்கள் 300’ ஹார்டு டிஸ்க்: நெல்லைப் பக்கத்து வாசகர் வட்டங்களும் நூலகங்களும் ஏமாற வேண்டாம்

பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், சங்கரன்கோவில், கோவில்பட்டிப் பக்கம் வாசகர் வட்டம், ஊர் நூலகம், கல்லூரித் தமிழ்த்துறை என்று தேடிப் போய் ஒரு 2 டிபி ஹார்டு டிஸ்க் விற்கிறார்கள். விமர்சகர்கள் கண்டுகொள்ளாத 300 தமிழ்ப் படங்கள், எல்லாம் 4கே, வெட்டில்லாத முழுப் பிரதி, பொதுவில் திரையிடும் உரிமையும் சேர்த்து. அட்டையில் இப்படித்தான் போட்டிருக்கிறது. விலை 4,500 ரூபாய். “நெகட்டிவ்ல இருந்தே எடுத்தது அண்ணாச்சி, கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்” என்கிறார்கள். வாங்கி ஒவ்வொரு கோப்பாகச் சோதித்தோம். அட்டையில் சொன்னதில் ஒன்றுகூட உண்மை இல்லை.

பணம் போனதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. இந்த டிஸ்க்கில் இருக்கிற ‘அந்த நாள்’ (1954) பிரதியைத் திரையில் போட்டால் பாதியிலேயே ஜனம் எழுந்து போகும். “ஒண்ணும் வெளங்கலயே” என்பார்கள். அது இயக்குநர் எஸ். பாலசந்தரின் குற்றம் இல்லை. 1943-ல், ஜப்பான் குண்டு விழுந்த நேரத்துச் சென்னையில் ஒரு ரேடியோ இன்ஜினீயர் சுடப்பட்டுச் சாகிறான். யார் கொன்றது என்பதைப் பலரும் தங்கள் தங்கள் கோணத்தில் சொல்கிறார்கள். பாட்டே கிடையாது. ஒருவர் சொல்லும் பகுதியை எடுத்தாலும் கணக்கு குலைந்துபோகிற கட்டுமானம் அது. டிஸ்க்கில் தம்பி பட்டாபி சொல்லும் பகுதி முழுவதும் இல்லை. அதற்கு மேல், படத்தைப் பளிச்சென்று காட்டுவதற்காக வெளிச்சத்தைக் கூட்டி வைத்திருக்கிறார்கள். மாருதி ராவ் ஒளிப்பதிவில் முகத்தின் பாதி இருட்டில் கிடப்பதற்குக் காரணம் உண்டு. இந்தப் பிரதியில் இருட்டு சாம்பல் நிறமாகி, சுவரும் நிழலும் ஒன்றாகிவிட்டன. இப்படிப் பார்த்துவிட்டு ‘பழைய படம், இழுவை’ என்று ஒருவர் எழுதினால் அந்தப் பேச்சுதான் பரவும். நல்ல படங்களுக்குக் கெட்ட பெயர் வந்ததில் பாதி இப்படிப்பட்ட பிரதிகளால் வந்தது என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

வாங்குவதற்கு முன்னாலேயே ஒரு வகுத்தல் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2 டிபி என்றால் 2,000 ஜிபி. 300 படத்துக்குப் பகிர்ந்தால் ஒன்றுக்கு 6.7 ஜிபிகூட வராது. இரண்டரை மணி நேரப் படம் அந்த அளவுக்குள் அடங்கினால் நொடிக்கு 6 மெகாபிட் தரவுதான். சுமாரான 4கே-க்கே நொடிக்கு 15 மெகாபிட் வேண்டும். அதற்கு ஒரு படம் 17 ஜிபி பிடிக்கும், 300 படம் 5 டிபியைத் தாண்டும். ஆக, இந்த டிஸ்க்கில் 300 உண்மையான 4கே படம் இருக்கவே முடியாது. படம் ஓட்டும் மென்பொருளான விஎல்சியில் கன்ட்ரோல், ஜே இரண்டையும் சேர்த்து அழுத்தினால் கோடெக் விவரம், அதாவது கோப்பின் தொழில்நுட்ப விவரம் வரும். அங்கே 3840 x 2160 என்று இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். பழைய டிவிடியின் 720 x 480 படத்தை இழுத்துப் பெரிதாக்கினாலும் அந்த எண்தான் காட்டும். ஓடுகிற வண்டிச் சக்கரமோ ரயிலோ வரும் காட்சியில் நிறுத்தி, ‘இ’ எழுத்தை அழுத்தி ஒவ்வொரு பிரேமாக நகர்த்துங்கள். ஓரங்களில் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரிந்தால் அது டிவிடியிலிருந்தோ டிவியிலிருந்தோ எடுத்தது.

மூலையைப் பாருங்கள். வலது மேல் மூலை எப்போதும் கலங்கலாக இருந்தால் டிவி சேனல் லோகோவை அழித்திருக்கிறார்கள். டிவிக்காக வெட்டிய பிரதியில் பாட்டுதான் முதலில் போகும். நம்ம மண்ணுக்கு நெருக்கமான ‘ஏழாவது மனிதன்’ (1982) இங்கே நல்ல உதாரணம். கே. ஹரிஹரன் இயக்கம், ரகுவரனுக்கு முதல் படம், சிமெண்ட் ஆலை மாசைப் பற்றியது. தேசிய விருது வாங்கியும் நம்ம ஊர்க்காரர்களிலேயே பலர் பார்க்காத படம். எல். வைத்தியநாதன் இசையில் எல்லாமே பாரதி பாட்டு. டிஸ்க்கில் இரண்டு பாட்டு காணோம். படச்சுருளுக்கே உரிய மணல் போன்ற புள்ளிகளைத் துடைக்க நாய்ஸ் ரிடக்ஷன் போட்டதில், காட்சியில் இருக்கிற நிஜமான தூசியும் போய்விட்டது; மென்பொருளுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. முகங்கள் மெழுகு பூசினாற்போல் இருக்கின்றன.

படச் சட்டத்தை வெட்டுவது அடுத்த மோசடி. தமிழில் சினிமாஸ்கோப் என்ற அகலத் திரை 1973-ல் ‘ராஜராஜ சோழன்’ படத்தோடுதான் வந்தது. ‘அந்த நாள்’ ஏறக்குறைய சதுரமான படம். அது இன்றைய டிவியை முழுக்க நிறைத்தால் மேலும் கீழும் சேர்த்துக் கால்வாசி உயரம் போயிருக்கும். ஸ்கோப் படம் முழுக்க நிறைத்தால் அகலத்தில் கால்வாசி போச்சு. டைட்டில் கார்டில் பெயர்களின் ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

முழுப் பிரதிதானா என்பதைக் கண்டுபிடிக்கச் சென்சார் சான்றிதழைவிட நல்ல சாட்சி கிடையாது. அதனால்தான் இந்த விற்பனைக்காரர்கள் முதலில் அதை வெட்டி எறிகிறார்கள். சான்றிதழில் நீளம் மீட்டரில் இருக்கும். 35 எம்எம் படம் நிமிடத்துக்கு 27.43 மீட்டர் ஓடும். 4,000 மீட்டர் என்றால் 146 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. நீளம் அடிக்கணக்கில் இருந்தால் 90-ஆல் வகுக்கணும். சான்றிதழின் கீழே முக்கோணக் குறி இருந்தால் தணிக்கையில் வெட்டு உண்டு, எது என்பது இரண்டாம் பக்கத்தில் இருக்கும். கோப்பின் நேரம் இதைவிடக் குறைந்தால் உடனே வெட்டு என்று சொல்லிவிட வேண்டாம். நொடிக்கு 24 பிரேம் எடுத்ததை 25-ஆக ஓட்டியிருந்தால் 120 நிமிடப் படம் 115 நிமிடம் 12 நொடியில் முடியும், காட்சி எதுவும் போயிருக்காது. ஆனால் சுருதி அரைக் கட்டைக்குக் கொஞ்சம் குறைவாக ஏறிவிடும். ‘அவள் அப்படித்தான்’ (1978) படத்தில் ‘உறவுகள் தொடர்கதை’யை இசைத்தட்டுப் பதிவோடு வைத்துக் கேளுங்கள்; யேசுதாஸ் குரல் மெலிந்து அவசரப்படும். சான்றிதழ் இல்லாத பிரதிக்குப் பழைய பாட்டுப் புத்தகம் உதவும். அதில் உள்ள பாட்டுகளை வரிசையாகச் சரிபார்த்தால் எது விடுபட்டது என்று தெரியும். செல்வராகவனின் ‘ஆயிரத்தில் ஒருவன்’ (2010) மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் படம். இரண்டரை மணிப் பிரதியைப் பார்த்துவிட்டுப் பின்பாதி ஒட்டவில்லை என்று சொல்வது நியாயமில்லை.

டிஸ்க்கே போலியாக இருக்கலாம். 2 டிபி டிஸ்க் விண்டோஸில் 1.81 டிபி என்று காட்டுவது சரிதான். ஆனால் உள்ளே சின்ன மெமரி கார்டை வைத்து 2 டிபி என்று காட்டும்படி மாற்றிய டப்பாக்களும் வருகின்றன. கோப்புப் பெயர் இருக்கும், திறந்தால் ஓடாது. காலி டிஸ்க் என்றால் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை மென்பொருளைப் போட்டு முழுக்க எழுதிப் பார்க்கலாம். படம் நிறைந்தது என்றால் எல்லாக் கோப்புகளையும் இன்னொரு டிஸ்க்குக்கு நகல் எடுத்துப் பாருங்கள், எங்கே நிற்கிறதென்று தெரிந்துவிடும்.

திரையிடும் உரிமைக்கு ஒரு கடிதம் கொடுக்கிறார்கள். அதில் தயாரிப்பாளர் பெயரும் இல்லை, படத்தின் பெயரும் இல்லை. திரைப்படத்துக்குக் காப்புரிமை வெளியான ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டு. 1982 படத்துக்கு 2042 டிசம்பர் 31 வரை உரிமையாளர் உண்டு. அவரோ அவரிடம் உரிமை வாங்கியவரோ படத்தின் பெயர், தேதி, இடம் குறித்துக் கையெழுத்திட்டால்தான் அனுமதி. பிரச்சினை வந்தால் மாட்டுவது கூட்டம் நடத்தியவர்கள்தான். முறையாகத் தேடுகிறவர்கள் உரிமையாளரிடமோ தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகமான என்எஃப்டிசியிடமோ எழுதிக் கேளுங்கள். புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் இப்போது அதன்கீழ்தான் இருக்கிறது. நேரம் பிடிக்கும். பொன்னீலனின் ‘உறவுகள்’ நாவலிலிருந்து மகேந்திரன் எடுத்த ‘பூட்டாத பூட்டுகள்’, கி.ரா.வின் ‘கிடை’யிலிருந்து அம்ஷன் குமார் எடுத்த ‘ஒருத்தி’ போன்றவற்றுக்கு அந்தக் காத்திருப்பு தகும்.

ஏற்கெனவே வாங்கியவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம், தமிழிலும் பேசுவார்கள். அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் வெளியூர் என்றாலும் நீங்கள் இருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் செய்ய வேண்டும். பணம் அனுப்பிய ரசீது, அட்டையின் போட்டோ, வாட்ஸ்அப்பில் அவர்கள் ‘4கே, முழுப் பிரதி’ என்று எழுதியது, கோடெக் விவரத்தின் ஸ்க்ரீன்ஷாட் நாலையும் சேர்த்து வையுங்கள். “டிஸ்க்கைக் கொடுங்க, மாத்தித் தாறோம்” என்று கேட்பார்கள். பணம் கைக்கு வரும்வரை கொடுக்க வேண்டாம், அழிக்கவும் வேண்டாம். அதுதான் சாட்சி.