முன்சக்கரமா, பின்சக்கரமா: சாதாரண சைக்கிளுக்கு எந்த ஹப் மோட்டார் பொருந்தும்?

கையில் இருக்கும் சாதாரண சைக்கிளை மின்சைக்கிளாக மாற்ற விரும்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எத்தனை வாட் மோட்டார் வாங்கலாம் என்பதுதான். மோட்டாரில் பொறித்திருக்கும் வாட் அளவு, அளவுக்கு மீறிச் சூடேறாமல் அது தொடர்ந்து தரக்கூடிய திறனைத் தோராயமாகச் சொல்கிறதே தவிர, மேட்டில் அது எப்படி இழுக்கும் என்பதைச் சொல்வதில்லை. 250 வாட் என்று குறித்த மோட்டாரை 36 வோல்ட் பேட்டரியோடும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் 15 ஆம்பியர் கன்ட்ரோலரோடும் இணைத்தால், ஏற்றத்தில் பேட்டரியிலிருந்து 500 வாட்டுக்கு மேல் இழுக்கும். சைக்கிளும் ஆளும் சேர்ந்து 100 கிலோ இருந்து, நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் உயரும் சாலையில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவதற்குச் சக்கரத்தில் ஏறக்குறைய 250 வாட் போதும், அதிலும் ஒரு பங்கை மிதிப்பவரின் கால்களே தந்துவிடும். ஆகவே வாட் கணக்கை அத்துடன் விட்டுவிட்டு, மோட்டாரின் உள்ளமைப்பு என்ன, அது எந்தச் சக்கரத்தில் அமர்கிறது, அந்தச் சக்கரத்தைப் பிடித்திருக்கும் உலோகம் அதைத் தாங்குமா என்று ஒப்பிடுவதே பயன் தரும்.

சக்கரத்தின் நடுக்குடத்திலேயே (ஹப்) அமரும் ஹப் மோட்டாரில் இரண்டு வகை உண்டு. கியர் வைத்த வகையில் உள்ளே ஒரு சிறிய மோட்டார் வேகமாகச் சுழல, பெரும்பாலும் நைலானால் ஆன பல்சக்கரங்கள் அந்த வேகத்தைச் சுமார் ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்து இழுவையைக் கூட்டுகின்றன. ஒரு திசையில் மட்டும் பிடித்து மறுதிசையில் தளர்ந்து சுழலும் ஃப்ரீவீல் உள்ளேயே இருப்பதால், பேட்டரி தீர்ந்த பிறகும் சைக்கிள் தடையில்லாமல் உருளும். கியர் இல்லாத வகையில் காந்தங்கள் பதித்த வெளிக்கூடே சக்கரமாகச் சுழல்கிறது. தேய்வதற்கு பேரிங்கைத் தவிர வேறு எதுவும் இல்லை, சத்தமும் இல்லை, ஆனால் எடை ஏறத்தாழ இரு மடங்காகிறது, மின்சாரம் இல்லாமல் மிதிக்கும்போது காந்தத்தின் இழுப்பு காலுக்குத் தெரிகிறது.

கியர் இல்லாத வகையை விற்பவர்கள் முன்வைக்கும் பெரிய வாதம், பிரேக் பிடிக்கும்போது பேட்டரிக்கு மின்சாரம் திரும்புகிறது என்பது. 100 கிலோ எடை மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது அதனிடம் இருக்கும் இயக்க ஆற்றல் முழுவதுமே 0.67 வாட்-மணிதான், 360 வாட்-மணி பேட்டரியில் இது ஐந்நூறில் ஒரு பங்கு, அதிலும் ஒரு பகுதியே மீளும். நீண்ட இறக்கங்கள் உள்ள பாதையில் இதனால் பிரேக் கட்டைகள் தேயாமல் இருப்பது உண்மையான நன்மை. இந்த மின்சாரத்தை நம்பி இரண்டு மூன்று கிலோ கூடுதல் எடையைச் சுமப்பதில் நியாயம் இல்லை என்பதே என் முடிவு. தினசரிப் போக்குவரத்துக்குக் கியர் வைத்த வகையையே நான் பரிந்துரைப்பேன்.

சக்கரத்தின் விட்டத்தையும் இங்கே கவனிக்க வேண்டும். நிமிடத்துக்கு 201 சுற்று சுழலும் மோட்டார், 26 அங்குலச் சக்கரத்தில் மணிக்கு 25 கிலோமீட்டர் தரும். அதையே 20 அங்குலச் சக்கரத்தில் பூட்டினால் 19 கிலோமீட்டர்தான் வரும், ஆனால் மேடு எளிதாக ஏறும். வாங்கும்போது வாட்டைக் கேட்பதைவிட இந்தச் சுற்றெண்ணைக் கேட்பது நல்லது.

முன்சக்கரத்தில் பூட்டுவது எளிது: செயினையோ ஃப்ரீவீலையோ தொட வேண்டியதில்லை, பேட்டரியின் எடை பின்னால் கேரியரில் இருந்தால் சமநிலையும் சரியாகிறது. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. சாதாரணச் சக்கரத்தின் அச்சு எடையை மட்டும் தாங்குகிறது; ஹப் மோட்டாரின் அச்சோ, சக்கரம் முன்னோக்கிச் சுழல அதே விசையுடன் பின்னோக்கித் திரும்பப் பார்க்கிறது. அதைத் தடுப்பது, இருபுறமும் தட்டையாகச் சீவிய 10 மில்லிமீட்டர் அகல அச்சுமுனை, முன்சக்கரத்தை இருபுறமும் பிடிக்கும் ஃபோர்க்கின் பிளவில் இறுகி நிற்பது மட்டுமே. 40 நியூட்டன்-மீட்டர் முறுக்குவிசை இந்தச் சிறிய அகலத்தில் விழும்போது, பிளவின் ஓரங்களில் சுமார் 400 கிலோ எடைக்கு ஈடான விசை நெம்புகிறது. நட்டின் இறுக்கம் ஒரு பகுதியைத் தாங்கினாலும், அது தளர்ந்த நாளில் அச்சு சுழன்று, மோட்டாருக்குச் செல்லும் வயரை முறுக்கி அறுத்து, சக்கரமே கழன்றுவிடக்கூடும். எஃகு இந்த விசையில் வளைந்தாவது எச்சரிக்கும், அலுமினியம் விரிசல் விட்டு முறிந்துவிடும். எனவே முன்சக்கர மோட்டாரை எஃகு ஃபோர்க்கில் மட்டும், அச்சைப் பிடித்து ஃபோர்க் குழாயோடு கட்டும் டார்க் ஆர்ம் என்ற எஃகுத் தகட்டுடன் மட்டுமே பூட்ட வேண்டும். ஃபோர்க்கின் பிளவு 9 மில்லிமீட்டராக இருந்தால் அரத்தால் ராவ வேண்டியிருக்கும். அப்போது இருபக்கமும் ஒரே அளவாக, ஆழத்தைக் கூட்டாமல் ராவாவிட்டால் சக்கரம் சாய்ந்து நிற்கும்.

பின்சக்கரத்தின் பிடிமானம் தடிப்பானது, ஓட்டுபவரின் எடையும் அங்கே அதிகம் விழுவதால் மணலிலும் ஈரத்திலும் சக்கரம் வழுக்காது. ஆனால் பின்சக்கர மோட்டார்கள் பெரும்பாலும் சட்டத்தின் இரு பின்கரங்களுக்கு நடுவே 135 மில்லிமீட்டர் இடைவெளிக்குச் செய்யப்படுகின்றன. பல கியர் உள்ள சைக்கிள்களில் இந்த அளவு பொதுவானது, ஒற்றை கியர் சைக்கிள்களில் இடைவெளி இதைவிடக் குறைவு. ஆகவே கியர் சைக்கிள் வைத்திருப்பவருக்குப் பின்சக்கரம், ஒற்றை கியர் எஃகு சைக்கிள் வைத்திருப்பவருக்கு மேற்சொன்ன நிபந்தனைகளுடன் முன்சக்கரம் என்று பிரித்துக்கொள்ளலாம்.

ராடு பிரேக் வைத்த சைக்கிளாக இருந்தால் இன்னொரு சிக்கல் உண்டு. ராடு பிரேக்கின் கட்டைகள் ரிம்மின் உட்புறத்தில் அழுந்துகின்றன, மோட்டார் கிட்டுடன் வரும் அலுமினிய ரிம்மிலோ பிரேக் பிடிக்கும் இடம் பக்கவாட்டில் இருக்கிறது. ரிம்மின் பக்கவாட்டை இருபுறமும் கவ்வும் காலிப்பர் பிரேக்குக்கு மாற்றாமல் ஓட்டக் கூடாது. மாற்றியபின் கிடைக்கும் நன்மை பெரிது, ஏனெனில் குரோம் பூசிய எஃகு ரிம் நனைந்தால் கட்டைகள் வழுக்கும், அலுமினியத்தில் அந்த வழுக்கல் வெகுவாகக் குறையும்.

பேட்டரியில் ஈய-அமில வகையைத் தவிர்ப்பதே நல்லது: 36 வோல்ட் 12 ஆம்பியர்-மணிக்கு அது 12 கிலோவை நெருங்கும், லித்தியம் அயன் அதில் மூன்றில் ஒரு பங்கு எடைதான். கிலோமீட்டருக்கு 10 முதல் 15 வாட்-மணி செலவாகும் என்று வைத்தால், 36 வோல்ட் 10 ஆம்பியர்-மணி பேட்டரி மிதித்துக்கொண்டே செல்பவருக்கு 24 முதல் 36 கிலோமீட்டர் வரை வரும்.

நீண்ட, செங்குத்தான மலைப்பாதையில் மட்டும் எந்த ஹப் மோட்டாரும் பொருந்தாது. வேகம் குறையக் குறைய பேட்டரியின் ஆற்றலில் பெரும்பகுதி மோட்டாரின் கம்பிச் சுருளில் வெப்பமாகிவிடுகிறது. அங்கே பெடல் அச்சில் பூட்டும் நடு மோட்டார், செயின் வழியாகச் சைக்கிளின் கியர்களையே பயன்படுத்திக்கொள்வதால் முந்துகிறது. செயினும் பல்சக்கரங்களும் விரைவாகத் தேய்வது அதற்கான விலை. கியரே இல்லாத சைக்கிளில் அந்த நன்மையும் கிடைக்காது.