இங்க்ஸ்கேப்பில் ஒரு கோபுரத்தை மங்க வைத்த கதை

பத்து வருடம் கோரல் டிரா என்ற வரைகலை மென்பொருளில் பத்திரிகையும் ஃபிளெக்ஸும் போட்டே பழகிய கை என்னுடையது. புதூரில் வீட்டு மாடியில் தனியாக ஒரு மேசை போட்டு உட்கார்ந்தபோது மென்பொருளுக்குக் காசு கொடுக்கிற நிலைமை இல்லை, அதனால் இங்க்ஸ்கேப்பை இறக்கினேன். இலவசம்தான். 2003-ல் சோடிபோடி என்ற இன்னொரு வரைகலை மென்பொருளிலிருந்து பிரிந்து வந்தது. முழு விமர்சனம் எழுத எனக்குப் பொறுமை இல்லை. ஆரம்பத்தில் தலையைச் சுற்ற வைத்ததும் இப்போது ரொம்பப் பிடித்துப்போனதும் ஒரே விஷயம்தான், அதன் ட்ரான்ஸ்பரன்சி, அதாவது படத்தை மங்க வைத்து அடியில் இருப்பதைத் தெரிய வைக்கிற வசதி. அதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் வந்த வேலை ஒரு காதணி விழா ஃபிளெக்ஸ். பின்னால் மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரம் லேசாகத் தெரிய வேண்டும், மேலே தாய்மாமன்கள் பெயர் வரிசையாக வர வேண்டும். ராத்திரி பதினொரு மணிக்குக் கோபுரப் படத்தை மாற்றச் சொன்னார்கள். மாற்றினேன், கை பழக்கத்தில் 85 என்று தட்டினேன், சரியாகப் பார்க்காமல் அனுப்பிவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் பிரஸ் பையனிடமிருந்து போன்: "அண்ணே, மாமன் பேரெல்லாம் கோபுரத்துக்குள்ள போயிருச்சு, இப்படியே அடிக்கவா?"

தப்பு என்னுடையதுதான். கோரலில் அந்த எண் எவ்வளவு மறைய வேண்டும் என்று கேட்கிறது, 100 கொடுத்தால் படம் காணாமல் போகும். இங்க்ஸ்கேப்பில் அது ஒபாசிட்டி, அதாவது எவ்வளவு தெரிய வேண்டும் என்ற கணக்கு. இங்கே 100 என்றால் முழுசாகத் தெரியும், 15 கொடுத்தால்தான் என் கோபுரம் மங்கும். கோரலிலிருந்து வருகிறவர்கள் இதை மானிட்டர் ஓரத்தில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள், நான் ஒட்டியிருக்கிறேன்.

சரி, அடுத்த குழப்பம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஃப் மூன்றையும் அழுத்தினால் ஃபில் அண்ட் ஸ்ட்ரோக் பெட்டி திறக்கும்; ஃபில் என்றால் உருவத்தின் உள்நிறம், ஸ்ட்ரோக் என்றால் அதன் ஓரக்கோடு. அதில் உள்நிறத்துக்குக் கீழே ஆல்ஃபா என்று ஒரு ஸ்லைடர் இருக்கிறது, அந்த நிறம் மட்டும் எவ்வளவு தெரிய வேண்டும் என்பதற்கு; ஓரக்கோட்டின் நிறத்துக்குத் தனியாக இன்னொரு ஆல்ஃபா, பெட்டியின் அடியில் ஒபாசிட்டி. மூன்றும் ஒரே வேலை செய்கிற மாதிரிதான் முதலில் தெரியும், நானும் எது கையில் பட்டதோ அதை இழுத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் இங்க்ஸ்கேப் சேமிக்கிற எஸ்விஜி கோப்புக்குள்ளேயே இவை மூன்று தனித்தனி பண்புகள், ஒன்றோடொன்று பெருகும். ஃபில்லில் பாதி, அடியில் ஒபாசிட்டியும் பாதி என்று வைத்தால் மிஞ்சுவது 25 சதவீதம். "நான் 50 தானே வைத்தேன், ஏன் இவ்வளவு வெளிறிப்போச்சு" என்று ஒரு மத்தியானம் முழுக்க மண்டையை உடைத்திருக்கிறேன்.

தடித்த பார்டர் போட்ட பெட்டியில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஓரக்கோடு எப்போதும் உருவத்தின் விளிம்பை நடுவில் வைத்து உட்காரும், அதாவது அதன் பாதித் தடிமன் ஃபில்லின் மேல் விழும். கோட்டின் ஆல்ஃபாவை மட்டும் குறைத்தால் உள்பாதி ஒரு நிறம், வெளிப்பாதி வேறு நிறம் என்று இரட்டை வரி போட்ட மாதிரி அசிங்கமாக இருக்கும். அடியில் இருக்கும் ஒபாசிட்டியைக் குறைத்தால் ஃபில்லும் கோடும் ஒன்றாகச் சேர்ந்த பிறகு மங்கும், வரி தெரியாது. மாவிலைத் தோரணத்துக்கும் இதே கதைதான்: ஒவ்வொரு இலையையும் 50-க்குக் கொண்டுபோனால் இலைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறுகிற இடமெல்லாம் கரும்பச்சைத் திட்டு. எல்லாவற்றையும் குரூப் பண்ணி, குரூப்புக்கு 50 கொடுங்கள், திட்டு போய்விடும். எனக்கு இந்த ஒன்றுக்காகவே இந்த மென்பொருளைப் பிடிக்கும்.

கிரேடியன்டில், அதாவது ஒரு நிறம் இன்னொன்றாக மெல்ல மாறுகிற இடத்தில், ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் தனி ஆல்ஃபா உண்டு, அதனால் ஓரம் கரைவது சுலபம். ஆனால் வெள்ளையைக் கரைக்கும்போது மறுமுனையும் வெள்ளையாகவே இருக்கட்டும், அதன் ஆல்ஃபாவை மட்டும் பூஜ்யமாக்குங்கள். மறுமுனையில் கறுப்பு இருந்தால், அது கண்ணுக்கே தெரியாத கறுப்பாக இருந்தாலும், நடுவில் சாம்பல் அழுக்கு படியும். போட்டோவின் ஓரத்தைக் கரைக்க மாஸ்க் போதும்: வெள்ளை இருக்கும் இடத்தில் படம் தெரியும், கறுப்பு இருக்கும் இடத்தில் மறையும்.

எரிச்சலான விஷயம், திரையில் வெள்ளையாகத் தெரிகிற பக்கம் நிஜத்தில் வெள்ளை இல்லை, வெறும் கண்ணாடி. பிஎன்ஜி படமாக எடுத்து ஒரு விழா வீட்டுக்காரருக்கு அனுப்பினேன், அவர் கறுப்புப் பின்னணியில் திறந்ததில் என் கறுப்பு எழுத்து ஒன்றுகூடத் தெரியவில்லை, "வெறும் பிள்ளையார் மட்டும்தான் இருக்காரு தம்பி" என்றார். இப்போதெல்லாம் அடியில் ஒரு வெள்ளைக் கட்டம் வைத்துவிட்டுத்தான் மற்ற வேலை. டாக்குமென்ட் ப்ராபர்ட்டீஸில் செக்கர்போர்டை டிக் செய்தாலும் எங்கே காலி என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

பிரஸ்ஸுக்கு இபிஎஸ் கொடுக்காதீர்கள். அது போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பழைய அச்சு மொழியில் எழுதிய கோப்பு, அதற்கு ட்ரான்ஸ்பரன்சியே தெரியாது, மங்கலான பகுதியெல்லாம் படப்புள்ளியாக மாறிவிடும். பிடிஎஃப் 1.4 வந்த 2001-லிருந்தே பிடிஎஃப் அதைத் தாங்குகிறது, அதைக் கொடுங்கள். ஆனால் நான் வைத்திருக்கும் இங்க்ஸ்கேப் 1.3-ல் எடுத்த பிடிஎஃப், திரைக்கான ஆர்ஜிபி நிறத்தில்தான் வருகிறது. ஃபிளெக்ஸுக்கு எனக்கு அது ஓடுகிறது, நாலு கலர் ஆஃப்செட்டுக்கு ஆகாது. கல்யாணப் பத்திரிகை என்றால் இன்றைக்கும் பென்டிரைவை எடுத்துக்கொண்டு அதே பிரஸ் பையனிடம்தான் போகிறேன், அவன் அச்சுக்கான நாலு நிறக் கணக்கு, சிஎம்ஒய்கேவுக்கு மாற்றித் தருகிறான். கூலி, ஒரு டீயும் ஒரு பருத்திப்பாலும்.